ஆறு கத்திகளுக்குச் சூடு போட்ட கதை

ஓட்டுநர் உரிமத் தேர்வு அலுவலகத்தில் அவருக்கு ‘மறுதேதி சார்’ என்று பெயர். இருபத்திரண்டு வருடங்களாக ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து, வண்டி நின்றதும் பாதிப்பேருக்கு மேல் அவர் சொல்லிவந்தது ஒரே வாக்கியம்தான்: “மறுதேதி வாங்கிட்டுப் போங்க.” இந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கு எட்டவில்லை என்று அலுவலகத்தில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிறர் செய்யும் தப்பைக் கண்டுபிடிப்பதில் தனக்கு நிகர் யாருமில்லை என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம். தன் தப்பைக் கண்டுபிடிக்கும் சிரமத்தை மட்டும் அவர் மனைவிக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் சமையல்கூடத்தில் மேற்பார்வையாளர். ஒருநாள் மனைவி வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பதற்காக அவர் அங்கே போனார். நீளமான எஃகு மேசையில் மலைபோல் கேரட் குவிந்திருக்க, ஆறு பெண்கள் வரிசையாக நின்று நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணெதிரேயே ஒருத்தியின் கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் கீறியது. அவர் அந்தக் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேர்வில் தோற்கப்போகிறவரைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

“இதுல வெண்ணெய்கூட வெட்ட முடியாதேம்மா. நான் பண்ணித் தரேன். கையால செஞ்ச கத்தி. ஆளுக்கு ஒண்ணு. ஒரே மாசம்.”

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. கத்தி செய்வது பற்றி அவருடைய அறிவெல்லாம் முந்தின வாரம் பார்த்த இரண்டு வீடியோக்கள். இரண்டாவது வீடியோவின் நடுவில் தூங்கிவிட்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் மனைவி கேட்டார்: “கத்தி செய்யத் தெரியுமா உங்களுக்கு?”

“கத்துக்கிட்டா போச்சு.”

“பிளேடு போடறதுல உங்களை மிஞ்ச ஆள் கிடையாது, அது எனக்குத் தெரியும். பிளேடு செய்யறது வேற.”

ஒரு மாதம் நான்கு மாதமானது. பால்கனியில் ஒரு பழைய மேசையைப் போட்டு, எஃகுப் பட்டையை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, இரும்புத்தூள் துவைத்த துணியிலெல்லாம் படிய, அவர் ஆறு சின்ன அலகுகளைச் செய்து முடித்தார். உள்ளங்கை நீளம்தான் இருக்கும் ஒவ்வொன்றும். ஒன்று மீன் போல இருந்தது, ஒன்று இலை போல. நான்காவதைப் பார்த்து மனைவி, “இது என்ன, ஷூ போட்டுக்கற கரண்டியா?” என்று கேட்டார். ஒன்றைப்போல் இன்னொன்று வராததற்கு அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: ஒவ்வொருவர் கைக்கும் ஒரு வாட்டம். யாருடைய கையையும் அவர் அளந்து பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். இதற்குள் சமையல்கூடத்துப் பெண்கள் அவரை எங்கே பார்த்தாலும், “கத்திக்கு இப்போ எத்தனாவது மாசம் சார்?” என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

வடிவம் வந்துவிட்டதே தவிர எஃகு இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. கூர் தீட்டினால் நாலு உருளைக்கிழங்கோடு மழுங்கிப்போகும். அதைச் செக்கச்செவேலென்று சிவக்கும்வரை சூடாக்க வேண்டும், எண்ணூற்றுப் பதினைந்து டிகிரி. பிறகு சட்டென்று எண்ணெயில் முக்கினால் கண்ணாடிபோல் இறுகிவிடும். கண்ணாடிபோல் உடையவும் செய்யும் என்பதால், மறுபடி மிதமான சூட்டில் வைத்து அந்த முறைப்பைத் தணிக்க வேண்டும். முதலில் அடுப்பையும் தலைமுடி உலர்த்தும் கருவியையும் வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று பார்த்தார். மனைவி வந்து கருவியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்தச் சூடு கிடைக்கும் இடம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான். தங்கை மண்பாண்டம் செய்கிறாள். அவளுடைய பட்டறையில் மின்சாரச் சூளை இருக்கிறது. ஆனால் அங்கே போக அவருக்குக் கால் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள், மற்ற ஆய்வாளர் விடுப்பில் இருந்தபோது, தேர்வுக்கு வந்தவர்கள் பட்டியலில் தங்கையின் பெயர் இருந்தது. சொந்தக்காரர் என்றால் வேறு நாள் கொடுப்பதுதான் முறை. அவரோ தன் நேர்மையை உலகத்துக்கு நிரூபிக்கக் கிடைத்த வாய்ப்பாக அதை எடுத்துக்கொண்டார். தங்கை தோற்றாள். அன்றிலிருந்து அவரிடம் அவள் பேசுவது ‘ம்’, ‘சரி’ என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது. மறுபடி தேர்வுக்கும் போகவில்லை. வாடகை வண்டி பிடித்துத்தான் மண் ஏற்றிவருகிறாள்.

வேறு வழியில்லாமல் போன் செய்தார்.

“யாரு?”

“அண்ணன் பேசறேன்.”

“எந்த அண்ணன்?”

“உனக்கு எத்தனை அண்ணன் இருக்காங்க?”

“ம். சொல்லு.”

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள், “சனிக்கிழமை காலைல ஒம்பதுக்கு வா. ஒம்பதேகால் ஆச்சுன்னா மறுதேதி” என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பெயர் இவ்வளவு தூரம் பரவியிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை எட்டு ஐம்பதுக்கே அவரும் மனைவியும் போய் நின்றார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. சுவர் முழுக்கப் பலகைகளில் சுடாத கிண்ணங்கள், ஈர மண் வாசனை, மூலையில் சின்னக் குளிர்சாதனப் பெட்டி அளவுக்குச் சூளை. அதற்கு முன்பக்கம் கதவு. பக்கத்தில் சிவப்பு எண்கள் எரியும் ஒரு பெட்டி. மனைவி உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் தன் போனை ஒரு கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்தார். திரையில் சமையல்கூடத்துப் பெண்களின் ஆறு முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன.

“இவங்களை யாரு கூப்பிடச் சொன்னது?”

“நாலு மாசமா காத்துட்டு இருக்காங்க. இடைவேளைதான், பார்த்துட்டுப் போகட்டும்.”

பார்வையாளர்கள் இருப்பது தெரிந்ததும் அவருக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டது. சூளைக்கல் ஒன்றில் ஆறு பிளவு வெட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒன்றோடொன்று ஒட்டாமல் ஆறு அலகுகளும் அதில் வரிசையாகச் செருகி நின்றன. அதை அப்படியே தூக்கிச் சூளைக்குள் வைத்துவிட்டு எண்களை அழுத்தக் கை நீட்டினார்.

“அண்ணா, நம்பர் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்…”

“இது சட்டி பானை இல்லம்மா. எஃகு. பத்து டிகிரி அப்படி இப்படின்னாலும் போச்சு. எண்ணூத்திப் பதினஞ்சு. இதோ, எழுதியே வெச்சிருக்கேன்.”

“சரி” என்றாள் தங்கை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

சூடு ஏறும் நேரத்தில் அவர் போனைப் பார்த்து எஃகின் உள்ளமைப்பைப் பற்றி விரிவாகப் பேசினார். ஆறு முகங்களில் இரண்டு நகர்ந்துபோனதை அவர் கவனிக்கவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் எண் வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிடம் அதே சூட்டில் ஊறவிட்டார்.

“பார்த்தியா, எவ்வளவு சீக்கிரம்!”

“என் சட்டிங்களுக்கு நாலஞ்சு மணி நேரம் ஆகும்” என்றாள் தங்கை.

“அது மண்ணு. மந்தம்.”

கையுறை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். உள்ளே ஆறு அலகுகளும் வைத்தபடியே கறுப்பாக நின்றன.

போனிலிருந்து ஒரு குரல் கேட்டது. “சார், சிவப்பா ஜொலிக்கும்னு சொன்னீங்களே?”

“பகல் வெளிச்சத்துல தெரியாதும்மா.”

தங்கை எழுந்து போனாள். விளக்கை அணைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள், ஷட்டரைக் கடகடவென்று கீழே இறக்கினாள். இருட்டில் சூளையின் வயிறு கிணறுபோல் இருண்டு கிடந்தது.

“கண்ணு பழகணும்” என்றார் அவர்.

விளக்கை மறுபடி போடச் சொல்லிவிட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, சூடாக்கி வைத்திருந்த எண்ணெய்க்குள் இறக்கினார். தீப்பிடிக்கும் என்று மூடியோடு தயாராக இருந்தார். எண்ணெய் ‘ஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. முதல் அலகைத் துடைத்து அரத்தை எடுத்தார். இதுதான் பரீட்சை என்று போனுக்கு அறிவித்தார்: எஃகு இறுகியிருந்தால் அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அரம் நன்றாகப் பிடித்தது. தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவதிலும் பிடித்தது. ஆறாவது வரை சளைக்காமல் பிடித்தது.

“ஃபெயிலா சார்?” என்று போன் கேட்டது.

அவருக்குக் காது மடல் சூடானது. அன்று காலை அந்தப் பட்டறையில் உருப்படியாகச் சூடேறிய பொருள் அது ஒன்றுதான். எஃகு விற்ற கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். மட்டமான சரக்கு, விடமாட்டேன் என்றார். அங்கேயே நின்றபடி கடைக்காரனுக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தார். நான்கு பத்தி வந்தது. பொறுப்பின்மை, கவனக்குறைவு, வாடிக்கையாளரின் நம்பிக்கை என்று கனமான சொற்களெல்லாம் அதில் வந்தன. பிழை இருக்கிறதா பார் என்று மனைவியிடம் நீட்டினார்.

தங்கை முக்காலியிலிருந்து எழாமலே கேட்டாள்: “அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருண்ணா. அந்தப் பெட்டியில நம்பருக்குப் பக்கத்துல ஒரு எழுத்து எரியுதே, என்னது?”

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எஃப்.”

“எஃப்னா?”

அந்தச் சூளையை அவள் வேறொருவரிடமிருந்து பழசாக வாங்கியிருந்தாள். அது செல்சியஸில் கணக்கு வைப்பதில்லை. ஃபாரன்ஹீட்டில் வைக்கிறது. அதன் எண்ணூற்றுப் பதினைந்து அவர் கணக்கில் நானூற்று முப்பத்தைந்துதான். கத்திகளைச் சூடாக்கியதாக நினைத்துக்கொண்டு வெயிலில் காயப்போட்டிருக்கிறார்.

“தெரிஞ்சா சொல்லக்கூடாதா?”

“வாயைத் திறந்தேன். இது சட்டி பானை இல்லன்னுட்டே.”

நகர்ந்துபோன இருவரும் திரும்பியிருந்தார்கள்; போனுக்குள் ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. ஒருத்தி இருமினாள், இன்னொருத்தி அவள் முதுகில் தட்டினாள். மனைவி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அவர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி பார்க்கவில்லை, பலகை பார்க்கவில்லை, சைகை பார்க்கவில்லை என்று எத்தனை பேருடைய அட்டையில் சிவப்பு மையால் எழுதியிருப்பார்! ஒரு கையளவு பெட்டியில் மொத்தமே ஓர் எழுத்து, அதுவும் எரிகிற எழுத்து. கடிதத்தை அழித்தார். பெறுநர் பெயரை மட்டும் மாற்றித் தனக்கே அனுப்பிக்கொள்ளலாம் போலிருந்தது, அவ்வளவு பொருத்தமாக எழுதியிருந்தார்.

“நீயே வை” என்றார் தங்கையிடம்.

அவள் ஆறு அலகுகளையும் எண்ணெய் போகத் துடைத்துக் கல்லில் செருகி, ஆயிரத்து ஐநூறு என்று அழுத்தினாள். அது ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சமையல்கூடத்தில் இடைவேளை முடிந்துவிட்டது. மனைவி டீ போடுகிறேன் என்று வீட்டுக்குள் போனார். அண்ணனும் தங்கையும் சூளைக்கு முன்னால் தனியாக இருந்தார்கள். சூளை ‘டிக், டிக்’ என்று சூடேறிக்கொண்டிருந்தது.

“நீ என்னை ஃபெயில் பண்ணினதுல எனக்குக் கோபம் இல்லண்ணா” என்றாள் அவள் திடீரென்று. “அன்னிக்கு நான் ஓட்டினது எனக்கே தெரியும். நானா இருந்தாலும் பாஸ் போட்டிருக்க மாட்டேன்.”

“அப்புறம் எதுக்கு மூணு வருஷமா…”

“அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுல சாப்பாடு. ஞாபகம் இருக்கா? உப்பு ஜாடிதான் என் கார். தண்ணி ஜக்குதான் லாரி. பதினாறு பேர் முன்னாடி என்னோட ஒம்பது தப்பையும் மேசை மேல ஒண்ணொண்ணா ஓட்டிக் காட்டினே. என் மாமியார் கைதட்டினாங்க.”

அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சங்கடம் என்னவென்றால், அந்த மதியத்தைத் தன் வாழ்க்கையின் வெற்றிகளில் ஒன்றாக அவர் சேர்த்து வைத்திருந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்ததாகத்தான் நினைத்திருந்தார். பரிமாறுவதாகச் சொல்லி அவள் எழுந்து போனதும், நெடுநேரம் திரும்பி வராததும் இப்போதுதான் உறைத்தது. போனில் கேட்ட சிரிப்பு இன்னும் காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அது முன்பின் பழக்கமில்லாத ஆறு பேர் சிரித்தது. அன்று சிரித்ததெல்லாம் சொந்தக்காரர்கள்.

“தப்புதாம்மா” என்றார். “ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்கோ.”

அவள் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். “இன்னிக்கு ஆறு பேர்தானே பார்த்தாங்க. இன்னும் பத்து பேர் பாக்கி இருக்கு.”

“கூப்பிடு. எல்லாரையும் கூப்பிடு.”

அவள் சிரித்துவிட்டாள். மனைவி டீயோடு வந்தபோது இருவரும் சூளைக் கதவு கழன்று விழும் அளவுக்குச் சத்தமாக எதையோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். மனைவி நிம்மதியாக டீயை வைத்துவிட்டுப் போனைத் தேடினார். சமையல்கூடத்துப் பெண்களுக்கு அப்போது சாப்பாட்டு இடைவேளை. ஆறு முகங்களும் மறுபடி வந்து சேர்ந்தன.

இந்தமுறை கதவு திறந்ததும் யாரும் விளக்கை அணைக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஆறு அலகுகளும் உதிக்கிற சூரியன் நிறத்தில் நின்றன. மீன் போலிருந்ததும், இலை போலிருந்ததும், ஷூ போட்டுக்கொள்ளும் கரண்டி போலிருந்ததும் அந்த நிறத்தில் அழகாகவே இருந்தன.

“ஒண்ணு எடுத்ததும் உடனே கதவை மூடிடு” என்றாள் தங்கை. “திறந்தா கரண்ட் நின்னுடும், சூடு சரசரன்னு இறங்கும். மறுபடி நம்பர் ஏறினப்புறம்தான் அடுத்தது. ஆறையும் ஒண்ணா வெச்சோம்னு ஒண்ணா எடுக்கக்கூடாது.”

அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினார். முதல் அலகு எண்ணெயில் இறங்கியதும் குபீரென்று ஒரு முழ உயரத்துக்குத் தீ எழுந்தது. அவர் ஒரு தாவு தாவிப் பின்னால் போனார். இடுக்கியை விடவில்லை என்பது ஒன்றுதான் அவர் செய்த நல்ல காரியம். தீ தானாக அடங்கியது. கொஞ்சம் ஆறவிட்டுத் துடைத்து அரத்தை வைத்தார். அரம் கண்ணாடி மேல் போவதுபோல் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. போனில் கைதட்டல்.

கைதட்டல் அவருக்கு எப்போதுமே ஆகாது. இரண்டாவது நன்றாக வந்தது. மூன்றாவதை முக்கும்போது உற்சாகத்தில் எண்ணெய்க்குள் அப்படியும் இப்படியும் அலசினார்.

“நேரா இறக்கு! கலக்காதே! இது என்ன காபியா?” என்று கத்தினாள் தங்கை. அதற்குள் அது வாழைப்பழம்போல் வளைந்திருந்தது. நான்காவதும் ஐந்தாவதும் ஒழுங்காக முடிந்தன. ஆறாவது எல்லாவற்றையும்விட அருமையாக வந்தது. அரம் பட்ட இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதை எண்ணெய்க் கையோடு போனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, “இதுதாம்மா எஃகு…” என்று ஆரம்பித்தார். அலகு விரலிலிருந்து நழுவி சிமெண்ட் தரையில் விழுந்தது. ‘டிங்’ என்று மணி அடித்தாற்போல ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் இரண்டு துண்டு.

போனிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது: “சார், அது யாரோடது?”

மிச்சமிருந்த ஐந்தையும் அவரைத் தொடவிடாமல் தங்கையே எடுத்துக்கொண்டு போனாள். வளைந்ததை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவில் வைத்துத் திருகாணி போட்டு மெல்ல இறுக்கி, ஐந்தையும் வீட்டுச் சமையலறை ஓவனில் அடுக்கினாள். சூளை ஆறக் காத்திருந்தால் பொழுது போய்விடும். இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். மாலையில் வெளியே எடுத்தபோது காய்ந்த வைக்கோல் நிறம் ஏறியிருந்தது. வளைந்தது கிட்டத்தட்ட நிமிர்ந்திருந்தது. மீதி வளைவுக்கு அவர் எந்த விளக்கமும் சொல்லவில்லை.

கைப்பிடி மாட்ட ஒரு வாரம் ஆனது. அடுத்த திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைச் சமையல்கூடத்தில் போய் நின்றார். ஒரு சிறு உரை தயாரித்திருந்தார். அதை மனைவி கண்ணாலேயே தடுத்துவிட்டார்.

“அஞ்சுதான் இருக்கும்மா. ஆறாவதை நான்தான் கீழ போட்டு உடைச்சேன்” என்று மட்டும் சொன்னார்.

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். உயரமாக, அதிகம் பேசாமல் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கத்தி இல்லை என்றானது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே இரக்கப்பட்டாள்.

“பரவால்ல சார். அடுத்தது வர்ற வரைக்கும் என்னோட பழைய கத்தியைக் கொஞ்சம் தீட்டிக் குடுத்துடுங்க.”

கூர் பார்ப்பதற்காகக் கொண்டுவந்திருந்த சாணைக்கல்லை எடுத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட ஒரு கூடை மேல் உட்கார்ந்தார். பத்து நிமிடம் பிடித்தது. அவள் வாங்கி ஒரு வெங்காயத்தை வைத்து அழுத்தினாள். கத்தி தன்பாட்டுக்கு இறங்கியது. இன்னொன்றை நறுக்கிப் பார்த்தாள்.

“இதுவே நல்லாத்தானே இருக்கு சார்? இதை நாலு மாசத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்கலாமே?”

அவர் பால்கனியில் படிந்த இரும்புத்தூளையும், இரண்டு விரலில் போட்ட தையலையும், முதுகுவலித் தைலத்தையும் நினைத்துக்கொண்டார். அதற்குள் புதுக் கத்தி கிடைத்த ஐந்து பேரும் தங்கள் பழைய கத்திகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வரிசையாக வைத்தார்கள். தலைமைச் சமையல்காரர் தன் பங்குக்கு ஐந்தைக் கொண்டுவந்து வைத்தார். முதலில் தீட்டியதோடு சேர்த்துப் பதினொரு கத்தி. மதியம் வரை அந்தக் கூடை மேலிருந்து எழுந்திருக்கவில்லை.

இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, உடைந்ததற்குப் பதிலாகப் புதிதாகச் செய்த ஆறாவது அலகை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். போன் இல்லை, பார்வையாளர் இல்லை. எண்ணையும் அதன் பக்கத்து எழுத்தையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். தங்கை நிறத்தைப் பார்த்து “இப்போ” என்றாள். அவர் நேராக இறக்கினார், கலக்கவில்லை. அரம் வழுக்கியது. அதற்குப் பிறகு அலகைத் தொட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

உயரமான பெண்ணுக்குக் கத்தி போய்ச் சேர்ந்தது. அவர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு தாங்கமாட்டாமல், மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே வாசலில் போய் நின்றார்.

“கத்தியைப் பத்தி என்ன சொல்றாங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமேவா?”

“காய் நறுக்கறாங்க” என்றார் மனைவி. “வழி விடுங்க, கால் வலிக்குது.”